தம்பி வண்டிக்கு இன்னொரு இஞ்சின்

என் தம்பியின் பிக்கப் வண்டியில் இஞ்சின் போனது அந்தமானின் ஜாரவா காட்டுக்குள். நிறுத்த முடியாததால் போனது என்று சொல்வது இன்னும் சரி.

காட்டின் தொடக்கத்தில், ஜிர்காடாங் கேட்டில், வண்டிகள் வரிசையாக நிற்கும். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி என்று கான்வாய் கிளம்பும். அந்தக் காடு ஜாரவா பழங்குடி மக்களுடையது. அதன் நடுவே போகும் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வந்தால்தான் கால் தரையில் படலாம். அங்கிருந்து வண்டியோடு படகில் ஏறி பாராடாங் போக வேண்டும். தம்பி பல வருடமாக இதே சாலையில் பிழைத்தவன். கப்பலில் வரும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கதம்தலா வரை கொண்டுபோவான். திரும்பும்போது அங்குள்ள பெங்காலி விவசாயிகளின் சுரைக்காய், பீர்க்கங்காய், வாழைக்காய் ஏற்றி போர்ட் பிளேர் சந்தைக்குக் கொண்டுவருவான்.

அன்று காட்டின் நடுவில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதை அவன் பார்த்தான். வேறு ஊர் ஓட்டுநராக இருந்தால் ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து, ஆறவிட்டு, ஹோஸைக் கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போயிருப்பார். தம்பி நிறுத்தாமல் ஓட்டினான். படகுத்துறைக்குச் சற்று முன்னால், கடைசி இறக்கத்தில், இஞ்சின் தானாக நின்றது. அதுவரை வந்த வேகத்தில் வண்டி உருண்டுபோய் வரிசையில் தன் இடத்தில் நின்றதாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

போலீஸ்காரர்களுக்கு சைகை காட்டி நிறுத்தியிருந்தால் அவர்களே உதவியிருப்பார்களே என்று கேட்டேன்.

"செய்வாங்கண்ணே. நம்பரையும் எழுதிக்குவாங்க. அடுத்த வாட்டி கேட்ல நிக்கறப்ப, புரானா காடி ஹை, சைடு ஹோ ஜாவோன்னு சொன்னா க்யா கரேகா?"

பழைய வண்டி, ஓரம் போ என்றால் என்ன செய்வது என்பது அவன் பயம். அங்கே யாரும் யாரையும் அப்படி ஒதுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பத்திரிகையில் இருந்த காலத்தில் அந்தச் சாலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு புகார் வந்ததில்லை. ஆனால் அந்த வழியில் ஓட்டிப் பிழைக்கும் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டால் போக வேறு சாலை இல்லை.

மறுநாள் ஒரு காலி லாரி அவன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, அதே காட்டு வழியே, பாம்பூஃப்ளாட்டில் அவன் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டது. நான் இருப்பது போர்ட் பிளேரில். சாத்தம் துறையிலிருந்து படகில் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் இஞ்சினின் ஹெட்டைக் கழற்றியிருந்தார். விம்பர்லிகஞ்ச்காரர், மலபாரிலிருந்து முன்பே வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர். எங்களோடு பேசுவது இந்தத் தீவின் இந்தியில். பிஸ்டன்கள் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டுவிட்டன, ஹெட்டில் கீறல் விழுந்திருக்கிறது, இதைச் சரிசெய்யும் பட்டறை இங்கே இல்லை என்றார். வேறு இஞ்சின்தான் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார்.

தம்பி மனைவி கதவருகில் நின்று இதைக் கேட்டாள். அவள் சிவகங்கைப் பக்கத்துப் பெண். கல்யாணம் முடிந்து முதல் தடவை கப்பல் ஏறியபோது மூன்று நாளும் வாந்தி எடுத்ததாகச் சொல்வாள். எங்கள் அப்பா இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். நானும் தம்பியும் கச்சாலில் பிறந்தோம். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தோம். எங்களுக்கு மெயின்லேண்டில் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. அவளுக்கு உண்டு. அவளுடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சரக்கு ஓட்டுகிறார். தம்பியை ஓட்டுநராக வைத்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை இருக்கிறது என்று அவர் சொல்லிக் கொஞ்ச நாளாகிறது. பள்ளி திறப்பதற்குள் வந்தால்தான் என்றும் சொல்லியிருந்தார்.

ஆகவே அவர்களுக்குள் ஒரு பேச்சு முடிவானது. தம்பி சென்னைக்குப் போய்ப் பழைய இஞ்சின் ஒன்று வாங்கி வருவான். அதைக் கொண்டுவரும் கப்பல், கார் நிக்கோபார் தீவு வரை ஒரு நடை போய்வந்துதான் மறுபடி சென்னைக்குக் கிளம்பும். அது கிளம்புவதற்குள் வண்டி ஓடினால் இங்கேயே இருப்பது. ஓடாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அதே கப்பலில் திருப்பூருக்குப் போவது. டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிட வேண்டும், ஓடினால் ரத்து செய்துகொள்ளலாம் என்றாள் அவள். பள்ளி விடுமுறையில் கப்பலில் இடம் கிடைப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. எடுத்தார்கள்.

நான் இதில் கருத்துச் சொல்லவில்லை. அவர்கள் போய்விட்டால் இந்தத் தீவில் எனக்கு உறவு என்று யாரும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சென்னையில் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டையில் தம்பி இஞ்சினைத் தேர்ந்தெடுத்தான். விற்றவர் அதைத் தன் ஷெட்டில் ஓட்டிக் காட்டினார். தம்பி காது வைத்துக் கேட்டுத் திருப்திப்பட்டான். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கப்பலில் ஏற்ற வேண்டும் என்றால் ஆயிலையும் தண்ணீரையும் முழுக்க வடிக்க வேண்டும். அதை அவர்களே செய்து, இஞ்சினை மரச்சட்டத்தில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். துறைமுகத்தில் அதைச் சரக்கில் ஒப்படைக்கும் முன் தம்பி தன் பங்குக்கு ஒரு வேலை செய்தான். பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து, இஞ்சினில் திறந்திருந்த ஒவ்வொரு வாயிலும் துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினான்.

இதைத் தீவுக்காரர்கள் எல்லோரும் செய்வோம். தையல் மெஷினாக இருந்தாலும் மிக்ஸியாக இருந்தாலும், கப்பலில் வரும்போது திறந்த வாய் இருந்தால் அடைத்துவிடுவோம். உப்புக் காற்று உள்ளே போனால் சாமான் கரை சேரும்போதே பாதி செத்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஆனால் இங்கே துருப்பிடிக்காத கதவுக் கீல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

கப்பல் வந்தது. இஞ்சின் ஹாடோ துறையில் இறங்கி, ஒரு மினி லாரியில் சாத்தம் வந்து, அங்கிருந்து வண்டிப் படகில் பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தது. நானும் கூட நின்றேன். படகில் மேளக்காரர்கள் சிலர் எங்கேயோ கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மேளத்தை இஞ்சின் மேல் வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். தம்பி அதையும் பார்த்தான். கப்பலில் அடித்தட்டுப் படுக்கையில் படுத்து வந்தவன், இன்னும் தரை ஆடுகிறது என்றான்.

இஞ்சின் மாற்றுவதைப் பற்றி எழுதுபவர்கள் தூக்கி இறக்கும் காட்சியைத்தான் எழுதுவார்கள். உண்மையில் அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. போர்வெல் போடுபவர்களிடம் மூன்று இரும்புக் குழாய்களை வாங்கி முக்காலியாக நட்டு, பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பழையதைத் தூக்கி வண்டியைப் பின்னால் தள்ளினோம். புதியதைத் தூக்கி வண்டியை முன்னால் தள்ளினோம். நேரத்தைத் தின்பது மற்றவை. ஒரு போல்ட்டின் தலை துருவில் கரைந்துபோய் ஸ்பேனர் பிடிக்காது. அதை உளியால் தட்டித் தட்டி அசைக்க ஒரு காலைப் பொழுது போகும். இஞ்சினைத் தாங்கும் பிராக்கெட் ஒரு விரல் அகலம் தள்ளியிருக்கும். வெல்டிங்காரர் நாளை என்பார். மழை வரும். தகரக் கூரையின் கீழே வண்டியின் முன்பாதிக்குத்தான் இடம், பின்பாதி நனையும். மெக்கானிக் படுக்கும் சாக்கும் நனையும்.

என் வேலை விளக்குப் பிடிப்பதும் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும். தினமும் முதல் படகில் போய், இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவேன். முழங்கால் வலித்தது. படகில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவேன். சாத்தத்தில் யாராவது தட்டி எழுப்புவார்கள்.

வீட்டுக்குள் தம்பி மனைவி பாத்திரங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபமாக அடுக்கவில்லை, மறைத்தும் அடுக்கவில்லை. மதியச் சோறு சரியான நேரத்துக்கு வந்தது. ஒரு நாள் குழம்புக் கரண்டியைக் காணோம், அது பெட்டிக்குள் போயிருந்தது, டம்ளரால் மொண்டு ஊற்றினாள். மெக்கானிக் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் தம்பி தான் அடைத்த லுங்கித் துண்டுகளை நினைவுபடுத்திப் பார்த்தான். பூட்டும்போதே ஒவ்வொன்றையும் உருவி ஜன்னல் கம்பியில் போட்டிருந்தான். ஒன்றும் உள்ளே தங்கவில்லை. ஆயில் ஊற்றினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், டீசல் குழாயில் காற்றை வெளியேற்றினார்கள். மெக்கானிக் பிஸ்மில்லா சொன்னார், தம்பி வண்டிக்குள் ஒட்டியிருந்த முருகன் படத்தைத் தொட்டுக்கொண்டான். சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் பிடித்தது. நாலைந்து தடவை இருமியது போல அடித்துவிட்டு அடங்கிப்போனது. மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே.

டீசல் லைனில் இன்னும் காற்று இருக்கிறது என்றார் மெக்கானிக். மறுபடி வெளியேற்றினார்கள். பிறகு ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு டீசல் பம்ப்பின் டைமிங் தவறு என்று கழற்றிப் பூட்டினார்கள். இன்னொரு தடவை கழற்றிப் பூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இஞ்சின் அதே அளவுக்கு உயிர் காட்டிவிட்டு அடங்கியது. பேட்டரி இறங்கியது. பக்கத்து வீட்டு ஆட்டோவின் பேட்டரியை வாங்கி இணைத்தோம். நாங்கள் மூன்று பேரும் வண்டியின் முன்பக்கம் குனிந்து, ஒரு கிணற்றுக்குள் பார்ப்பவர்களைப் போல அந்த இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெக்கானிக் களைத்துப் போனால் கிண்டலில் இறங்குவார். "இஸ்கா ஐலேண்டர் கார்ட் நஹீ பனா" என்றார். இதற்கு இன்னும் ஐலேண்டர் கார்டு போடவில்லை என்கிறார்; தீவுவாசிகளுக்குக் கப்பலில் குறைந்த கட்டணம் வாங்கித் தரும் அட்டை அது. இஞ்சின் இன்னும் மெயின்லேண்ட்காரனாகவே இருக்கிறது, அதனால்தான் இங்கே வேலை செய்ய மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். தம்பி சிரிக்கவில்லை. ஓட்டிக் காட்டினார்களே, காதால் கேட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். புதுப்பேட்டைக்குப் போன் போட்டான். விற்றவர், இங்கே ஓடியது, அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

கப்பல் நிக்கோபாரிலிருந்து திரும்பிவிட்டது. கிளம்பும் நாள் பத்திரிகையில் வந்தது. அந்த அட்டவணையைப் பல வருடம் நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லோரும் பத்திரிகையில் முதலில் படிப்பது அதைத்தான். அன்று காலை படகில் பக்கத்து ஆள் விரித்த தாளில் அதைப் பார்த்தேன். மறுநாள் மாலை கப்பல்.

நான் போனபோது தம்பி பம்ப்பைத் தொடாமல் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தான். பழைய இரும்புக்காரரை மதியம் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். மெக்கானிக் இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றார். அவருக்கும் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வேலையை முடிக்காமல் எழுந்துபோகத் தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பினார்கள். இருமியது. அடங்கியது.

தம்பி மனைவி வண்டிக்குப் பின்னால் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகள். கையில் மகளின் வெள்ளைச் சட்டையோடு முன்பக்கம் வந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

"பின்னால புகையே வரலையே மாமா."

எனக்குப் புரியவில்லை.

"முன்னெல்லாம் இவுக ஸ்டார்ட் பண்ணப் போறாகன்னாலே நான் ஓடிப்போயி துணிய எடுத்துருவேன். இப்ப ரெண்டு நாளா வெள்ளத்துணி காயுது. ஒரு கரிப்பொட்டு இல்ல."

மெக்கானிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். தம்பி மட்டும் அவளையே பார்த்தான்.

"ரெண்டு நாளா பாத்துக்கிட்டா இருந்த?"

"நான் என்ன மெக்கானிக்கா?" என்றாள்.

மெக்கானிக் ஈரச் சாக்கை விரித்துப் படுத்து, இஞ்சினோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தைக் கழற்றினார். இஞ்சின் பக்கத்து வாயில் விரலை விட்டார். பிறகு ஒரு கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். வந்தது. எண்ணெயில் ஊறிக் கருத்துப்போன நூல்கழிவு, பட்டறைகளில் கை துடைக்க வைத்திருப்பார்களே, அது. இறுக்கி உருட்டி, இஞ்சினோடு வந்த புகைக்குழாயின் வளைவுக்கு அப்பால் வரை தள்ளி அடைத்திருந்தது. கருப்புக்குள் கருப்பாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. தம்பியின் லுங்கித் துண்டு அதற்கு முன்னால் இருந்திருக்கிறது. அதை உருவியதும் அவனுக்குத் திருப்தியாகிவிட்டது.

புதுப்பேட்டைக்குப் போன் போட்டோம். விற்றவர் சாதாரணமாகச் சொன்னார். அந்தமான் பார்ட்டி என்றால் புகை வாயை அடைத்துத்தான் அனுப்புவோம், உப்புக் காற்று போகுமில்லையா, உங்களுக்குத் தெரியாதா? தம்பி அதைக் கேட்டு ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே காற்றுக்குப் பயந்திருக்கிறார்கள். புகை போக வழியில்லாத இஞ்சின் இருமிவிட்டு நிற்பதைத் தவிர வேறென்ன செய்யும்.

குழாயைப் பூட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் பிடித்தது, நிற்கவில்லை. பின்னால் நீலமும் கருப்புமாகப் புகை வந்தது. வண்டி முழுவதும் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் சமமானது. மெக்கானிக் ஒரு காதை மூடிக்கொண்டு மறு காதால் கேட்டார், தலையசைத்தார். யாரும் கை தட்டவில்லை. நான் அடுப்படிப் படியில் உட்கார்ந்தேன். தம்பி ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். மகள் ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணிகளை அள்ளினாள். எட்டாம் வகுப்பு முடித்திருந்தவள். போவதா இருப்பதா என்று இத்தனை நாளில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

தம்பி மனைவி மெக்கானிக்கிடம் இந்தியில் கேட்டாள், இது எத்தனை வருஷம் ஓடும் என்று. அவர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தண்ணீரும் ஆயிலும் பார்த்து ஓட்டினால் நாலைந்து வருஷம், பார்க்காவிட்டால் தனக்குத் தெரியாது என்றார்.

இஞ்சின் சத்தத்திலும் தம்பிக்குக் கேட்பதற்காக அவள் வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இவ ட்வெல்த் முடிக்கிற வரைக்கும் இருப்போம். அதுக்குள்ள இது போச்சுன்னா போச்சு. இன்னொரு இஞ்சினுன்னு நீங்க கப்பலேறக் கூடாது."

"டீக் ஹை."

"டீக் ஹைன்னா ரோட்ல போறவன்கிட்டயும்தான் சொல்றீக. தமிழ்ல சொல்லுங்க."

தம்பி நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன, தூக்கமின்மையா புகையா தெரியவில்லை.

"சரி" என்றான்.

அந்த இரண்டு நாளைப் பற்றி நான் அவளிடம் கேட்டதில்லை. முதல் நாளே பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தாளா, அல்லது அன்று காலை வெள்ளைச் சட்டையைப் பிழிந்து உதறும்போதுதான் தோன்றியதா, என் தொழிலில் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வரமாட்டோம். கேட்காமல் வந்தேன். இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்திருந்தால் அவளுக்குத் திருப்பூர் கிடைத்திருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரும்புக்காரர் மதியம் வந்தார். வண்டி ஓடுவதைக் கேட்டுவிட்டு, பழைய இஞ்சினையாவது கொடுங்கள் என்றார். கொடுத்தோம். மறுநாள் காலையில் நான் போய் டிக்கெட்டுகளை ரத்து செய்தேன். தம்பி வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஜிர்காடாங் கேட்டில் வரிசையில் நின்றான். அவள் மகளின் பள்ளிக்குப் போய், முன்பு கேட்டிருந்த மாற்றுச் சான்றிதழை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். போகும்போது பஸ் கிடைக்கவில்லை, நடந்து போனாள். திரும்பும்போதும் கிடைக்கவில்லை.